டி.ஆர்.எக்ஸ்: கூரை மேல் ஒரு தோட்டம்

"கூரை மேல தோட்டமா? மண்ணை யாருய்யா மேல தூக்கிட்டுப் போனது?" என்று கேட்டார் அம்மா. ஞாயிற்றுக்கிழமை டி.ஆர்.எக்ஸுக்குப் போகலாம், அங்கே பேரங்காடியின் கூரை மேல் பெரிய பூங்கா போட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னதற்கு வந்த கேள்வி அது. அம்மாவுக்கு 71 வயது. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, தோட்டத்தை விற்று வீடமைப்புத் தாமானாக்கியபோது எங்களைக் கூட்டிக்கொண்டு செராஸ் ஃபிளாட்டுக்கு வந்தவர். அவரிடம் தோட்டம் என்ற சொல்லைச் சும்மா சொல்லிவிட முடியாது. நிரை நிரையாக மரம், பால் பிடிக்கும் மங்கு, காண்டு, விடியற்காலை இருட்டு, லயத்து வீட்டு வாசல், எல்லாம் சேர்ந்ததுதான் அவருக்குத் தோட்டம். அதனால் இந்த முறை நான் மட்டும் பார்த்துவிட்டு எழுதாமல், அம்மாவையும் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு போய், ஒரு முழு மாலை சுற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாக: டி.ஆர்.எக்ஸ் என்பது துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச். நாட்டின் இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக் பெயரில், அவர் பெயர் கொண்ட ஜாலான் துன் ரசாக் சாலையோரம், சுமார் 70 ஏக்கர் நிலத்தில் எழும் நிதி நகரம். அலுவலகக் கோபுரங்கள், வங்கிகளின் தலைமையகங்கள், குடியிருப்புகள், ஹோட்டல், பேரங்காடி, பூங்கா, அடியில் எம்.ஆர்.டி ரயில் நிலையம், எல்லாம் ஒரே இடத்தில். பாதி முடிந்துவிட்டது, மீதி மனைகளில் இன்னும் வேலை பாக்கி. பேரங்காடி 2023 நவம்பர் 29 அன்று திறந்தது. எக்ஸ்சேஞ்ச் 106 என்ற கோபுரம் அதற்கும் முன்பே எழுந்து நின்றது.

அந்த இடத்தை நான் பல வருடம் பாரந்தூக்கிகளாகத்தான் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போகும்போது வாகன நெரிசலில் நின்று, இன்றைக்கு எத்தனை மாடி ஏறியிருக்கிறது என்று எண்ணிய நாட்கள் உண்டு. ஆனால் இதைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை. 2012-இல் அடிக்கல் நாட்டியபோது இது அரசின் முதலீட்டு நிறுவனமான 1எம்.டி.பி-யின் திட்டம். அந்தப் பெயர் பின்னால் பண மோசடியில் எப்படி நாறியது என்பது உலகத்துக்கே தெரியும். 2017-இல் நிதியமைச்சு இதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 2018-இல் ஆட்சி மாறியபோது, இந்தத் திட்டத்துக்கு என்று ஒதுக்கிய பணத்தில் 300 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் வேறு பக்கம் திருப்பி விடப்பட்டிருக்கிறது, பாதியில் விட்டால் இன்னும் நட்டம் என்று அப்போதைய நிதியமைச்சர் லிம் குவான் எங் சொன்னார். வேலையை முடிக்க மேலும் 280 கோடி வெள்ளி போட அரசு முடிவெடுத்தது. அத்தனையும் மக்கள் பணம். அதனால் டி.ஆர்.எக்ஸுக்குள் நுழையும்போது நான் வாடிக்கையாளனாக நுழையவில்லை. என் அப்பா அம்மா கட்டிய வரி, நான் கட்டும் வரி எல்லாம் இந்தக் கான்கிரீட்டில் கலந்திருக்கிறது. கையில் காசில்லாமல் வரும் ஒருவருக்கு இந்த இடம் என்ன திருப்பித் தருகிறது? நான் பார்க்கப் போனது அதைத்தான். எத்தனை கடை, எத்தனை மாடி என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது.

சரி, போகிற வழியிலிருந்து தொடங்குகிறேன்.

தயவு செய்து கார் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சுரங்கச் சாலை, நேரடி நுழைவு என்று வாகனங்களுக்கு நல்ல ஏற்பாடுகள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் ஜாலான் துன் ரசாக்கில் வெள்ளிக்கிழமை மாலை மாட்டியவர்களுக்கு நான் ஏன் சொல்கிறேன் என்பது புரியும். நாங்கள் தாமான் மிடாவில் எம்.ஆர்.டி ஏறினோம். நான்கே நிறுத்தம். தாமான் பெர்தாமா தாண்டியதும் ரயில் நிலத்துக்குள் இறங்கும், மாலுரி, கோக்ரேன், அடுத்தது டி.ஆர்.எக்ஸ். 60 வயது தாண்டிய குடிமக்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகை உண்டு, அம்மாவிடம் அந்த அட்டை இருக்கிறது. எனக்கு மாதம் 50 வெள்ளியில் 30 நாளும் ராபிட் கே.எல் ரயில், பேருந்து எல்லாம் ஏறலாம் என்கிற மை50 அட்டை. ஆகவே போக்குவரத்துச் செலவு என்று பார்த்தால் ஒரு கோப்பி காசுகூட ஆகவில்லை.

நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நகரம் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த நிலையம் இதுதான். காஜாங் தடத்துக்காக 2017 ஜூலையில் திறந்தார்கள், புத்ராஜெயா தடம் 2023 மார்ச்சில் வந்து சேர்ந்தது. இரண்டு தடமும் சந்திக்கும் இடம். தடம் மாற வேண்டுமா, இறங்கிய மேடையிலேயே எதிர்ப்பக்கம் நடந்தால் போதும், மறு ரயில் வந்து நிற்கும். மாடி ஏறி, பாலம் கடந்து, வெயிலில் நடந்து, மறுபடி இறங்கி என்ற அலைச்சல் கிடையாது. மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் கூட்டத்தோடு இடித்துக்கொண்டு ஏறி இறங்கிப் பழகிய எங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மூட்டுவலி உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால்தான் தெரியும். நிலையம் ஆழம்தான், எஸ்கலேட்டர்கள் நீளமானவை. அம்மா நீள எஸ்கலேட்டரைப் பார்த்துத் தயங்கினார், நாங்கள் லிஃப்டில் ஏறினோம். மேலே வந்ததும் நிலையத்திலிருந்து நேராகப் பேரங்காடிக்குள் வழி. மழை பெய்தாலும் ஒரு சொட்டு மேலே படாது.

பேரங்காடியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசை இல்லை. பெரியது, அழகானது, குளிரானது. 400-க்கு மேல் கடைகள். ஜப்பானின் செய்பு பல்பொருள் அங்காடி இருக்கிறது, மலேசியாவின் முதல் ஆப்பிள் கடை 2024 ஜூனில் இங்கேதான் திறந்தது, அதன் வட்டமான அடுக்கடுக்குக் கூரை பூங்காவிலிருந்து பார்க்க அழகாக இருக்கிறது. நடைபாதைகள் அகலம், உயரம் தாராளம், நிறைய இடத்தில் வெளி வெளிச்சம் உள்ளே வருகிறது. பொருள் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: இது மாதக் கடைசியில் போகிற இடம் இல்லை. ஒரு காப்பிக் கடையில் (பெயர் வேண்டாம்) ஒரு கோப்பைக்கு 16 வெள்ளி எழுதியிருந்ததை அம்மா வாய்விட்டுப் படித்தார். தோட்டத்தில் ஒரு காலத்தில் அது தனக்கு எத்தனை நாள் கூலி என்று மனக்கணக்குப் போட்டவர், கணக்கு முடிந்ததும் என்னைப் பார்த்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணீர் இருந்தது.

ஆனால் விலை உயர்ந்த கடைகள் இருப்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அந்த வாடகையில்தான் மேலே இருக்கிற பூங்காவுக்குத் தண்ணீர் ஊற்ற முடியும். என் மனதை உறுத்துவது வேறொன்று. இந்த நிலத்தை ஒட்டித்தான் இம்பி பாசார் என்ற சந்தை இருந்தது. பாசார் ராக்யாட் என்றால் பழைய ஆட்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். காலை ஐந்தரைக்கெல்லாம் கோப்பிக் கடைகளில் ஆவி பறக்கும், ஈரத்தரை, மீன் வாடை, மேசை கிடைக்கும்வரை பிறர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்பா இருந்தபோது மாதம் ஒரு ஞாயிறு எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போவார். இந்த மேம்பாட்டுக்காக 2016-இல் அதை மூடிக் கடைக்காரர்களைப் புடு பக்கம் ஐ.சி.சி கட்டடத்துக்கு மாற்றினார்கள். அங்கே சுத்தமாக, வசதியாகவே இருக்கிறது, பல பழைய கடைகள் இன்னும் நடக்கின்றன, போய் ஆதரவு கொடுங்கள். இருந்தாலும் இவ்வளவு பெரிய நிலத்தில், நாலு நிரை கடை போட்டு அந்தப் பாசாரை இங்கேயே ஒரு மூலையில் வைத்திருந்தால், டி.ஆர்.எக்ஸுக்குள் காலை ஐந்தரை மணிக்கும் உயிர் இருந்திருக்கும். கோட்டு சூட்டு போட்டவர்களும் மீன் கூடை தூக்கியவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து கோப்பி குடித்திருப்பார்கள். இனிமேல் கட்டப்போகிற மனைகளிலாவது இதை யாராவது யோசிக்க வேண்டும் என்று மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது பூங்கா.

பேரங்காடியிலிருந்து கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் திடீரென்று வெயில், புல், வானம். 10 ஏக்கர். கால் வைத்திருப்பது கட்டடத்தின் கூரை என்று யாராவது சொன்னால்தான் தெரியும். மேடும் பள்ளமுமாக நிலம் வளைந்து போகிறது, பாதைகள் சுற்றிச் சுற்றிச் செல்கின்றன, மரங்கள், செடிகள், உட்கார இடம், பிள்ளைகள் விளையாட இடம். டிக்கெட் கிடையாது. என்ன வாங்கினாய் என்று கேட்க ஆள் கிடையாது. மகள் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஓடியே போய்விட்டாள்.

அம்மா ஓடவில்லை. அவர் முதலில் செய்தது, பாதையோரச் செடிப் பாத்தி பக்கம் மெதுவாகக் குனிந்து, இரண்டு விரலால் மண்ணைக் கிள்ளி எடுத்து உருட்டிப் பார்த்தது. "லேசா இருக்கு. இது நம்ம மண்ணு இல்ல, கலந்த மண்ணு" என்றார். நான் அசந்து போனேன், ஏனென்றால் கூரைத் தோட்டத்தின் சூட்சுமமே அதுதான். சாதாரண மண்ணை ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கொட்டி அது மழையில் ஊறினால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒன்றரை டன்னுக்கு மேல் கனம் ஏறும். அதைத் தாங்க அடியில் தூணும் தளமும் வேண்டும். அதனால்தான் கூரை மேல் தோட்டம் போடுகிறவர்கள் கனம் குறைந்த கலவை மண்ணைப் போடுவார்கள், மரம் நிற்கிற இடத்தில் மட்டும் ஆழம் கொடுத்து மற்ற இடத்தில் மண்ணைக் குறைப்பார்கள், நிலம் மேடு பள்ளமாக இருப்பதற்கு அழகைத் தவிர இப்படியும் ஒரு காரணம் உண்டு. அதற்கும் அடியில் வேர் துளைக்காத ஒரு தடுப்பு, தண்ணீர் கசியாத ஒரு பூச்சு, வடிகால் அடுக்கு. நம் ஊர் மழையோ சாதாரண மழை அல்ல. ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற நகரம் இது. வெள்ளத்தைத் தாங்காமல்தான் 9.7 கிலோமீட்டருக்கு ஸ்மார்ட் சுரங்கம் தோண்டி 2007-இல் திறந்தோம், வெள்ளம் பெருகினால் வண்டிகளை வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை விடுகிற சுரங்கம். அப்படிப்பட்ட ஊரில், கீழே விலை உயர்ந்த கைப்பை விற்கிற கடைகளை வைத்துக்கொண்டு, மேலே மரம் நட்டிருக்கிறார்கள். துணிச்சலான வேலை.

"காண்டு எங்கே?" என்று கேட்டார் அடுத்து. தோட்டத்தில் வடிகாலைக் காண்டு என்போம். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று பார்க்காமல் ஒரு இடத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல அம்மாவால் முடியாது. பாதையின் ஓரத்தில் சல்லிக் கற்கள் நிரப்பிய நீளப் பள்ளத்தைக் கண்டுபிடித்து, அது சரிந்து போகிற பக்கத்தை விரலால் காட்டி, "நல்லாத்தான் வாட்டம் விட்டிருக்கான்" என்றார். முப்பது வருட அனுபவத்தின் சான்றிதழ் அது, எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

மரங்கள் இன்னும் சின்னவை. இதுதான் இப்போதைக்கு இருக்கிற பெரிய குறை, ஆனால் காலம் மட்டுமே தீர்க்கக்கூடிய குறை. மதியம் பன்னிரண்டு மணிக்குப் போனால் நிழல் போதாது, கான்கிரீட் சூடும் கண்ணாடிக் கோபுரங்களின் எதிரொளியும் சேர்ந்து வாட்டும். இரட்டைக் கோபுரத்தின் அடியில் இருக்கிற கே.எல்.சி.சி பூங்காவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பூங்கா 50 ஏக்கர், பிரேசிலின் ரொபெர்த்தோ பூர்லெ மார்க்ஸ் வடிவமைத்தது, குதிரைப் பந்தயத் திடலாக இருந்த தரைமண்ணில் வேர் விட்டு, கால் நூற்றாண்டுக்கு மேல் வளர்ந்த மரங்கள். நான் வாலிபத்தில் நண்பர்களோடு போனபோது அங்கேயும் மரங்கள் முட்டுக்கொடுத்துத்தான் நின்றன. இன்று அதன் கீழே மதிய வெயிலிலும் நடக்கலாம். டி.ஆர்.எக்ஸ் மரங்களுக்கு ஒரு பத்து வருடமாவது கொடுங்கள். கூரை மண்ணில் அவை எவ்வளவு தூரம் வளரும் என்பது பராமரிப்பைப் பொறுத்தது. அதனால்தான் இந்தப் பூங்காவைப் பராமரிப்பதில் ஒரு வெள்ளிகூடக் குறைக்கக் கூடாது என்று சொல்கிறேன், கடைகளின் வியாபாரம் படுத்தாலும் சரி.

ஐந்தரை மணிக்கு மேல் அந்த இடமே மாறிவிட்டது. வெயில் கோபுரங்களுக்குப் பின்னால் இறங்கியதும், காற்று வர ஆரம்பித்ததும், எங்கிருந்து இவ்வளவு பேர் வந்தார்கள் என்று தெரியவில்லை. முதுகுப் பையோடு புல்லில் உட்கார்ந்திருந்த இளைஞர்கள், தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு மலாய்க் குடும்பம், கைபேசியை நிறுத்தி வைத்து நடனம் பழகிய சீனப் பெண்பிள்ளைகள், வேலை முடிந்து சீருடையோடு கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு துப்புரவுப் பணியாளர். அவர் நம்மவர். அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஐந்தே நிமிடத்தில் எந்தத் தோட்டம், யார் பிள்ளை, எப்போது பட்டணம் வந்தது எல்லாம் விசாரித்து முடித்துவிட்டார். "உள்ள ஏர்கண்டிஷன்ல நின்னு நின்னு கால் மரத்துடும்க்கா. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி தெனமும் பத்து நிமிஷம் இங்கதான் உக்காருவேன்" என்று அந்தப் பணியாளர் சொன்னார். எங்கள் ஃபிளாஸ்கிலிருந்த தேத்தண்ணீரில் ஒரு மூடி அவருக்கும் போனது.

இங்கே வேலை செய்கிறவர் உட்கார இந்த இடத்திலேயே ஒரு பெஞ்சு இருக்கிறது, அதற்கு அவர் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. நான் பார்க்கப் போனதற்குப் பதில் அதில் இருந்தது. ஐந்துக்கு ஐந்து கொடுக்கச் சொன்னால் பூங்காவுக்குக் கொடுப்பேன், நிலையத்துக்கும் கொடுப்பேன். பேரங்காடிக்கு மூன்றரை.

கோபுரங்களைப் பற்றி. எக்ஸ்சேஞ்ச் 106 பூங்காவிலிருந்து அண்ணாந்து பார்க்கிற தூரம். உயரம் 450 மீட்டரை ஒட்டி, அதாவது பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்குத் தோள் கொடுக்கிற உயரம், இரவில் உச்சியில் கிரீடம் ஒளிரும். இன்னொரு பக்கம் தூரத்தில் மெர்டேக்கா 118-இன் கூரிய முனை தெரிகிறது, 678.9 மீட்டர், புர்ஜ் கலிஃபாவுக்கு அடுத்து உலகத்திலேயே உயரம். மகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, "அப்பா, அது ஜெயிச்சிடுச்சு" என்றாள். கிரீடம் அழகுதான், ஆனால் அலுவலகக் கோபுரத்தால் என்னைப் போன்றவனுக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை, உள்ளே வேலை கிடைத்தால் ஒழிய. நம் பிள்ளைகள் கணக்கியல், காப்பீடு, வங்கி என்று படித்து வந்தால் அவர்கள் போய்ச் சேர வேண்டிய கட்டடங்கள் இவை. எச்.எஸ்.பி.சி, அஃபின், புருடென்ஷியல் எல்லாம் இங்கே வந்துவிட்டன. எஸ்.பி.எம் தேர்வு முடித்த பிள்ளைகளை ஒரு முறை இங்கே கூட்டி வந்து காட்டுங்கள். எந்தக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன வேலை நடக்கிறது என்று கண்ணால் பார்ப்பது வேறு.

குடியிருப்புகள் பற்றியும் சிலர் கேட்டார்கள். 50 மாடிக்கு மேல் போகிற கோபுரங்கள், நகரத்தின் நடுவில், கீழேயே ரயில். வசதி உள்ளவர்களுக்கு அருமையான இடம். நான் வாங்கப் போவதில்லை, வாங்கும் நிலையிலும் இல்லை. இருந்தாலும் இங்கேயோ வேறு எந்த அடுக்குமாடியிலோ வீடு பார்க்கிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்லியாக வேண்டும். பல வருடத்துக்கு முன் வேறொரு ஊரில், வேறொரு நிறுவனத்திடம், வரைபடத்தை மட்டும் பார்த்து ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டினேன். காட்சிக்கூடத்தில் வைத்திருந்த பொம்மைக் கட்டடத்தில் சின்னச் சின்ன விளக்கெல்லாம் எரிந்தது. ஆறாவது மாடிக்கு மேல் வேலை நகரவே இல்லை. வங்கிக்கு வட்டி மட்டும் நான்கு வருடம் கட்டினேன், குடியிருந்ததோ வாடகை வீட்டில். அந்த நாட்களில் அம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்போது எனக்குத் தெரியாத சில விஷயங்கள் இப்போது தெரியும். மலேசியாவில் அடுக்குமாடி வீட்டுக்கு வழக்கமான ஒப்பந்தத்தில் சாவி கொடுக்க 36 மாதம் கெடு. தாண்டினால் வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று நாள் கணக்கில் தாமத ஈடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வீடு வாங்குவோருக்கென்று தனி நடுவர் மன்றம் இருக்கிறது, அங்கே வழக்கறிஞர் இல்லாமலே போய் மனுக் கொடுக்கலாம். அப்புறம் மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணம், அதன் மேல் 10 விழுக்காடு சிங்கிங் ஃபண்ட், அதாவது பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி. லிஃப்டு எட்டு, நீச்சல் குளம் மூன்று என்று விளம்பரத்தில் பார்க்கும்போது, அவற்றைத் துடைத்து, பழுது பார்த்து, சாயம் அடிக்கிற செலவு மாதா மாதம் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வங்கித் தவணையை மட்டும் கணக்குப் போட்டு இறங்கியவர்கள் பலர் மூச்சுத் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். முடிந்தவரை எழுந்து நிற்கிற கட்டடத்தில், உள்ளே நடந்து பார்த்து, குழாயைத் திறந்து பார்த்து, சாயங்காலம் ஒரு முறை போய் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

போகிறவர்களுக்கு மற்ற விவரங்கள். மாலை ஐந்து மணிக்குப் போங்கள், ஏழரை வரை இருங்கள், விளக்குகள் ஏற்றியதும் பூங்கா வேறு அழகு. தொப்பி, தண்ணீர், ஒரு சின்னக் குடை கட்டாயம், நம் ஊரில் நாலு மணி மழையை நம்ப முடியாது. முழங்கால் வலி உள்ளவர்களை லிஃப்டிலேயே கூட்டிப் போங்கள், அவசரப்படாதீர்கள், உட்கார இடங்கள் இருக்கின்றன. பசித்தால் ஒரே நிறுத்தம் தள்ளி கோக்ரேன் பக்கமோ, மறுபக்கம் புக்கிட் பிந்தாங் பக்கமோ போய்விடலாம், பையைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். நாங்கள் திரும்பி வந்து எங்கள் தாமான் மாமாக் கடையில்தான் ரொட்டி சானாய் சாப்பிட்டோம்.

கிளம்பும் முன் அம்மா ஒரு மரத்தடியில் நின்றுவிட்டார். முட்டுக்கொடுத்துக் கட்டியிருந்த ஒரு கன்று, என் மணிக்கட்டு அளவு தண்டு. பட்டையில் கட்டைவிரலை வைத்து, பால்மரத்தில் கோடு போடுகிற உயரத்தை அளப்பதுபோல் மேலிருந்து கீழே தடவினார். கட்டியிருந்த நார்ப்பட்டை ஒரு பக்கம் தண்டை இறுக்க ஆரம்பித்திருந்தது. மரம் பருக்கும்போது கட்டு இறுகுவது இயற்கை, பார்த்துத் தளர்த்த வேண்டும். "இதைத் தளர்த்தச் சொல்லுய்யா, இல்லாட்டி கழுத்தைப் பிடிச்ச மாதிரி ஆயிடும்" என்றார். பாதையில் வந்துகொண்டிருந்த தோட்டப் பராமரிப்பு இளைஞனிடம் நான் மலாயில் சொன்னேன். அவன் குனிந்து பார்த்து, தலையாட்டி, இடுப்பிலிருந்த கத்தரியை எடுத்து அங்கேயே கட்டை வெட்டித் தளர்த்தி மறுபடி கட்டினான். அம்மா கட்டி முடிக்கும்வரை நின்று பார்த்தார்.

ரயிலில் வரும்போது, தீபாவளிக்கு வருகிற காப்பார் அத்தையையும் அங்கே கூட்டிப் போக வேண்டும் என்றார். அதற்குள் கட்டு மறுபடி இறுகியிருக்காது என்று அவராகவே சொல்லிக்கொண்டார்.